பூட்டிக் கிடந்த பயோஸும் மருமகனின் லப்டொப்பும்

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த அடுத்த கிழமை மருமகன் கம்பசில் இருந்து வந்தான். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறான். நாங்கள் இருப்பது பரந்தனில், ஒரு பஸ் பிடித்தால் வந்துவிடலாம். வந்தவன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பையில் இருந்து லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்து, “மாமா, இது இனி இழுக்காது போல கிடக்கு” என்றான்.

அந்த லப்டொப் கனடாவில் இருக்கும் என் தமையன் நாலு வருசம் பாவித்துவிட்டு இவன் கம்பஸ் போகிறான் என்று கொடுத்துவிட்டது. இன்டெல் ஐ7-8550யூ, நாலு கோர், 16 ஜிபி ரம். இன்றைக்கும் அது குறைந்த சாமான் இல்லை. அடிப்படை வேகம் 1.8 கிகாஹேர்ட்ஸ், தேவைப்படும்போது 4 வரை ஏறும் என்று இன்டெல் சொல்கிறது. ஆனால் இவன் முப்பரிமாண வரைபடம் ஒன்றைத் திறந்து ரெண்டர் (வரைபடத்தை முழுப் படமாக்கும் பாரமான கணிப்பு) போட்டால் முதல் அரை நிமிசம் பாய்ந்துவிட்டு, சூடு 97, 98 பாகைக்கு ஏறி, பிறகு 1.2 கிகாஹேர்ட்ஸில் வந்து படுத்துவிடும். 100 பாகையை நெருங்கினால் சிப் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும், அது பழுது இல்லை. ரொறன்ரோவில் இருக்கும்போது அதற்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. இங்கே தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஃபேன் இழுப்பதே கொதிக்கிற காற்று.

முதல் வேலை எப்போதும் கழற்றித் துப்புரவாக்குவதுதான். இதைச் செய்யாமல் எவரும் பயோஸுக்குள், அதாவது பவர் போட்டதும் விண்டோஸுக்கு முன்னரே ஓடி இயந்திரத்தை எழுப்பும் மென்பொருளுக்குள், போகக் கூடாது என்பது என் கருத்து. சோளகம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துச் செம்புழுதி எதற்குள்ளும் போகும், மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபேனுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படை, அதில் பாதி கனடாவின் பஞ்சு, மேலே எங்கள் சிவப்பு மண். பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுத்தேன். சிப்பின் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, ஸ்பிரிட்டில் துடைத்துப் புதிதாகப் பூசினேன். 97 பாகை 90க்கு வந்தது, 1.2 என்பது 1.9 ஆனது. நல்லதுதான், ஆனால் இறுதி வருச புரஜெக்ட்டை வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது காணாது.

அடுத்த வழி சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சிப்புக்கும் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே வோல்டேஜ் வைத்துத்தான் அனுப்புவார்கள். பெரும்பாலான சிப்புகள் அதைவிட 80, 100 மில்லிவோல்ட் குறைவாகவே ஒழுங்காக ஓடும். சிப் எரிக்கும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடிக் குறைவது, அதனால் சிறு குறைப்புக்கே சூடு நன்றாக இறங்கும், வேகத்திலும் ஒன்றும் போகாது. துரோட்டில்ஸ்டொப் என்ற இலவச மென்பொருளில் ஒரு பட்டையை இழுத்தால் சரி. ஆனால் இவனுடைய லப்டொப்பில் அந்தப் பட்டை செத்துக் கிடந்தது, பக்கத்தில் ‘லொக்ட்’ என்று ஒரு சொல்.

இது ஏன் என்று தெரியாமல் கனபேர் தங்கள் சிப்பே அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். 2019 டிசம்பரில் ‘பிளண்டர்வோல்ட்’ என்று ஒரு தாக்குதல் முறையை பேர்மிங்ஹாம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வோல்டேஜை வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் சிப் கணக்கில் பிழை விடும், அந்தப் பிழையை வைத்து இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டிக்குள் இருக்கும் இரகசியச் சாவிகளைக் கறக்கலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த பயோஸ் அப்டேட்டுகளில் வோல்டேஜ் மாற்றும் வழியையே பல கம்பனிகள் பூட்டிவிட்டன. தமையன் கனடாவில் ஒழுங்காக அப்டேட் போட்டிருக்கிறார், ஒருநாள் இரவு பூட்டு விழுந்துவிட்டது. பூட்டியது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாக்குதலைச் செய்ய ஏற்கெனவே இயந்திரத்தின் முழு அதிகாரமும் ஒருவன் கையில் இருக்க வேண்டும், குறி வைப்பதும் எஸ்ஜிஎக்ஸை. வீட்டில் வரைபடம் போடுகிற பிள்ளையின் லப்டொப்புக்கு இந்தப் பூட்டு தருவது கொஞ்சப் பாதுகாப்பு, எடுத்துக்கொள்வது கால்வாசி வேகம். திறக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை சாமானின் சொந்தக்காரனுக்கு இருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

பழைய பயோஸுக்குத் திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன், பின்னுக்குப் போக விடாது என்று மறித்துவிட்டது. எஃப்2 அழுத்தி உள்ளே போனால் நேரம், பாஸ்வேர்ட், பூட் வரிசை, வெளியேறு. ‘அட்வான்ஸ்ட்’ என்று ஒரு பக்கமே இல்லை.

இங்கேதான் ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் திருத்தும் கடைக்கு வருகிறவர்களும் கேட்பது இதைத்தான். அந்தப் பக்கம் இல்லாமல் இல்லை. லப்டொப் கம்பனிகள் பயோஸை அடியில் இருந்து தாங்களே எழுதுவதில்லை, அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், இன்சைட், ஃபீனிக்ஸ் மாதிரி சில இடங்களில் அடிப்படையை வாங்குகிறார்கள், அதற்குள் சிப் செய்யும் இன்டெலோ ஏஎம்டியோ கொடுத்த பகுதி இருக்கும், அதோடு நூற்றுக்கணக்கான தெரிவுகளும் கூடவே வரும். கம்பனி அதை வெட்டி எறிவதில்லை, ‘சப்ரெஸ் இஃப்’ என்று ஒரு நிபந்தனையை மேலே போட்டுத் திரையில் இருந்து மறைத்துவிடுகிறது. மெனுதான் மறைகிறது. அந்தத் தெரிவின் மதிப்பு பயோஸ் சிப்பின் ஒரு மூலையில், என்விரம் என்று சொல்லும் இடத்தில், ஒரு பைட்டாக அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் இயந்திரம் அதை வாசிக்கிறது.

சில லப்டொப்களில் அந்த மறைப்பு ஒரு விசைச் சேர்க்கையோடு போய்விடும். ஏசரில் 11ஆம் தலைமுறை இன்டெலோடு வந்த பலவற்றில் விண்டோஸ் போட வெளிக்கிட்டால் டிஸ்க்கே தெரியாது. பயோஸின் ‘மெயின்’ பக்கத்தில் நின்று கொன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் விஎம்டி என்ற, டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் அமைப்பின் வரி வெளியே வரும், அதை நிறுத்தினால் டிஸ்க் தெரியும் (ஏற்கெனவே விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கில் இதைச் செய்தால் அந்த விண்டோஸ் ஏறாமல் போகலாம், கவனம்). ஏஎம்டிக்கு ஸ்மோக்லெஸ் என்று ஒரு கருவி உண்டு, பென் டிரைவில் இருந்து பூட் பண்ணி மறைந்திருக்கும் மெனுவைக் காட்டும். மருமகனுடையதில் நான் கேள்விப்பட்ட சேர்க்கை எல்லாம் அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை.

அவன் போனை நீட்டினான். ஒரு வீடியோவில் யாரோ இதே மொடலுக்கு, பூட்டுப் பைட் இருக்கும் முகவரியும் அதில் எழுத வேண்டிய மதிப்பும் சொல்லியிருந்தார். “மாமா, இதை அப்பிடியே அடிச்சா சரிதானே?”

இல்லை. இதற்கு நான் மறித்த காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மூன்று வருசத்துக்கு முன் என் சொந்த லப்டொப் ஒன்றில் இதையேதான் செய்தேன். வீடியோவில் சொன்ன முகவரி, சொன்ன மதிப்பு, என்டர். அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தியபோது லைட் எரிந்தது, ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றியது, திரை கறுப்பு. அவருடைய பயோஸ் பதிப்பு வேறு, என்னுடையது வேறு, அவருக்கு வோல்டேஜ் பூட்டாக இருந்த பைட் எனக்கு வேறெதுவோ. பற்றரியைக் கழற்றி மூன்று நாள் வைத்தேன். அந்தக் காலத்துக் கம்பியூட்டரில் வட்டப் பற்றரியைக் கழற்றினால் எல்லாம் பழையபடி வருமே என்ற நினைப்பு. இப்போதைய லப்டொப்பில் இந்த மதிப்புகள் பிளாஷ் சிப்பில் எழுதியிருப்பவை, பற்றரி இல்லாவிட்டாலும் பத்து வருசத்துக்கும் அழியாது. மூன்று நாளும் வீண்.

கடைசியில் கொழும்பில் இருந்து சிஎச்341ஏ என்ற, சிப்பை நேரடியாக வாசித்து எழுதும் புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும் எடுப்பித்தேன். போர்டில் பயோஸ் சிப் சுண்டு விரல் நகத்திலும் சிறியது, எட்டுக் கால், ஒரு மூலையில் ஊசிக்குத்து மாதிரி ஒரு புள்ளி, அதுதான் முதலாம் கால், கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். சிப்பின் மேலுள்ள எழுத்தை டோர்ச் அடித்து, போன் கமராவில் பெருப்பித்து வாசித்தேன். இந்த வாசிப்பில் அவசரப்படக் கூடாது, சில சிப்புகள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட், 1.8 சிப்புக்கு 3.3 கொடுத்தால் சிப் போய்விடும். சந்தையில் மலிவாக வரும் கறுப்பு நிறப் புரோகிராமர் 3.3 என்று போட்டிருந்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் விடுகிற குணம் உள்ளது, மல்டிமீற்றர் வைத்துப் பார்த்துத்தான் பாவிக்க வேண்டும். கிளிப் வழுகிக்கொண்டே இருந்தது. ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி 16 எம்பியையும் வாசித்தேன், திரும்பவும் வாசித்தேன், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, கிளிப்பை எடுத்துச் சிப்பின் கால்களை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி. நாலாவதும் ஐந்தாவதும் எழுத்துக்கெழுத்துப் பொருந்தின. அந்தக் கோப்பில் அமைப்பு மதிப்புகள் இருக்கும் பகுதியை மட்டும் கம்பனி வெளியிட்ட பயோஸில் இருந்து எடுத்த சுத்தமான பகுதியால் மாற்றித் திரும்ப எழுதினேன். கம்பனிக் கோப்பை முழுதாக எழுதிவிடலாமே என்று தோன்றும், எழுதக் கூடாது. உங்கள் லப்டொப்பின் தொடர் எண், விண்டோஸ் சாவி எல்லாம் உங்கள் சிப்பில்தான் இருக்கின்றன, கம்பனிக் கோப்பில் இல்லை. இரவு பதினொன்றுக்குத் திரையில் கம்பனிச் சின்னம் வந்தபோது மனுசியை எழுப்பிக் காட்டினேன்.

அதனால்தான் மருமகனிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உன்ரை பயோஸை நீயே வாசி” என்றேன்.

இயந்திரத்தில் இருக்கும் பயோஸ் பதிப்பை எழுதிக்கொண்டு, கம்பனித் தளத்தில் அதே பதிப்பை, கடைசி எண்வரை அதையே இறக்கினோம். யூஈஎஃப்ஐ டூல் என்ற மென்பொருளில் திறந்தால் பயோஸ் வெங்காயம் மாதிரி படை படையாக விரியும். ‘ஓவர்குளொக்கிங் லொக்’ என்ற சொல்லைத் தேடச் சொன்னேன், தேடல் செட்டப் என்ற பகுதியில் போய் நின்றது. அந்தப் பகுதியைத் தனியே எடுத்து ஐஎஃப்ஆர் எக்ஸ்ராக்டர் என்ற இன்னொரு சிறு கருவியில் போட்டால் மெனு முழுவதும் எழுத்தாக வெளியே வரும், ஆயிரக்கணக்கான வரி.

அதை அவனோடு இருந்து வாசித்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவனுடைய லப்டொப்பில் இல்லை என்று நினைத்திருந்த எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. ரம் நேர அமைப்புகள், சக்தி எல்லைகள், ஃபேன் தொடங்கும் பாகைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ‘சப்ரெஸ் இஃப் ட்ரூ’, உண்மையானால் மறை, அந்த ‘உண்மை’யும் எப்போதும் உண்மை. கொஞ்சம் கீழே வேண்டிய வரி வந்தது: தெரிவின் பெயர், அது சேமிக்கப்படும் மாறியின் பெயர் ‘சிபியூ செட்டப்’, அதற்குள் எத்தனையாவது பைட் என்று பதினறும எண்ணில் முகவரி, அளவு ஒரு பைட், 1 என்றால் பூட்டு, 0 என்றால் திறப்பு. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், “ஓஎல் ஐசிரியில பதினறுமத்தைத் துவிதமாக்கு எண்டு பக்கம் பக்கமாச் செய்தனாங்கள், எங்க வருமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அந்த முகவரியை நான் இங்கே எழுதப் போவதில்லை. யாராவது எடுத்து அடித்துவிடுவார்கள்.

பயோஸ் கோப்பையே திருத்தி மெனுவைத் திறந்துவிடலாமே என்று கேட்டான். சில பழைய இயந்திரங்களில் செய்யலாம். ஆனால் கம்பனி பூட் கார்ட் என்ற காவலைப் போட்டிருந்தால் தொடக்கப் பகுதியின் கையொப்பத்தை இயந்திரம் சரிபார்க்கும், ஒரு எழுத்து மாறினாலும் எழும்பாது. நாங்கள் தொடுவது கையொப்பமிட்ட நிரலை அல்ல, அது வாசிக்கும் மதிப்பை. அதனால்தான் இந்த வழி பூட்டிய இயந்திரத்திலும் நடக்கிறது. புதிய லப்டொப்கள் சிலவற்றில் அந்த மாறியையும் எழுதவிடாமல் அடைத்துவிட்டார்கள், அங்கே இது பலிக்காது.

தொடுவதற்கு முன் மூடியை மறுபடி கழற்றி, என் புரோகிராமரால் சிப்பை முழுதாக வாசித்து இரண்டு இடத்தில் கோப்பைச் சேமித்தேன். பிறகு பிட்லொக்கர், டிஸ்க்கில் உள்ள தகவலைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அது ஓடிக்கொண்டிருக்கும்போது செக்யூர் பூட்டை (கையொப்பம் இல்லாத மென்பொருளைப் பூட் பண்ண விடாத காவலை) நிறுத்தினால் அடுத்த முறை 48 இலக்கத் திறப்பெண் கேட்கும், அது எங்கே என்று தெரியாமல் தகவல் முழுக்க இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் பிட்லொக்கரை இடைநிறுத்தினோம், பிறகு செக்யூர் பூட்டை நிறுத்தினோம். ஃபாட்32 ஆக்கிய பென் டிரைவில் பயோஸ் மதிப்புகளை வாசித்து எழுதும் ‘செட்டப் வார்’ கட்டளை உள்ள கிரப் ஷெல், கட்டளை அடிக்கும் ஒரு சிறு மென்பொருள். பூட் பண்ணியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

முதலில் மதிப்புக் கொடுக்காமல் மாறியின் பெயரும் முகவரியும் மட்டும் அடிக்கச் சொன்னேன். அப்படி அடித்தால் எழுதாது, வாசித்து மட்டும் காட்டும். 01 என்று வந்தது. கோப்பில் வாசித்ததும் பூட்டு 1 என்றுதான், இரண்டும் பொருந்தின. பக்கத்தில் இன்னும் இரண்டு முகவரிகளையும் வாசித்துக் கோப்போடு ஒப்பிட்டோம், அவையும் பொருந்தின. இந்தக் கட்டத்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பவரை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட வேண்டும்.

பிறகு அவனே 00 என்று எழுதினான். முழுதாக நிறுத்தி, பத்து நொடி விட்டு, மறுபடி பவர். சின்னம் வந்தது. விண்டோஸ் வந்தது. துரோட்டில்ஸ்டொப்பில் பட்டை உயிரோடு இருந்தது.

50 மில்லிவோல்ட் குறைப்பில் தொடங்கிப் பத்துப் பத்தாக இறங்கினோம், கோருக்கும் கேஷுக்கும் (சிப்பின் உள் நினைவகம்) ஒரே அளவு. 110இல் நீலத் திரை வந்தது. அது பயப்பட வேண்டியதில்லை, வோல்டேஜ் காணாமல் போனால் சிப் நின்றுவிடும், எரியாது, பெரும்பாலும் சேமிக்காத வேலைதான் போகும். அதனால்தான் உறுதியாகும்வரை விண்டோஸோடு தானாகத் தொடங்க விடக் கூடாது. 85இல் நிறுத்தி அன்றிரவு முழுக்க ரெண்டர் ஓடவிட்டோம், ஒருக்கா கரண்டும் போய் வந்தது, பற்றரியில் தொடர்ந்து ஓடியது. விடியப் பார்த்தபோது 79 பாகை, 2.6 கிகாஹேர்ட்ஸ், அசையாமல். முன்பு 50 நிமிசம் எடுத்த அதே வரைபடம் 23 நிமிசத்தில் முடிந்தது. செக்யூர் பூட்டையும் பிட்லொக்கரையும் திரும்பப் போட்டோம்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் பயோஸ் பாஸ்வேர்டை உடைத்துத் தரச் சொல்லி வருவீர்கள் என்று தெரியும். அது வேறு வேலை. வாங்கிய பில்லோ, கொடுத்த ஆளின் ஒரு சொல்லோ இல்லாமல் நான் அதைத் தொடுவதில்லை, வேலைத்தலத்தில் தந்த லப்டொப்பிலும் கம்பஸ் லாப் கம்பியூட்டரிலும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள்.

இனி ஒரு பயோஸ் அப்டேட் வந்தால் மதிப்பு திரும்ப 1 ஆகலாம், முகவரியும் மாறலாம், விண்டோஸ் அப்டேட் வழியாகவும் அது சத்தமில்லாமல் வரும். அப்போது முகவரியை மறுபடி முதலில் இருந்துதான் தேட வேண்டும். ஞாயிறு பின்னேரம் அவன் போகும்போது லப்டொப்பின் அடியில் வெள்ளை பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டி, பேனையால் பயோஸ் பதிப்பு, திகதி, முகவரி, பழைய மதிப்பு 01 என்று எழுதிவிட்டேன். எழுத்து வியர்வையில் அழியாமல் இருக்க மேலே செலோரேப்பும் ஒட்டினான் அவன்.